கூடப்பிறந்தோர்: ஒருவர்

ஜூன் 3, செவ்வாய்

விடியவே கச்சான் காற்று. கொடியில் போட்ட ஜெனியின் இரண்டு கவுன் பக்கத்து வளவுக் கொய்யா மரத்தில். எடுக்க நேரமில்லை. 6.40 பஸ்ஸில் பதுளைக்கு.

கிளினிக் இலக்கம் 17. இரண்டு மணி நேரம் ஜெனியை மடியில் வைத்துக்கொண்டே. எட்டு வயது, கால் தரையைத் தொடுகிறது. எதிரில் இருந்த அம்மா, “பெரிய பிள்ளைதானே, எறக்கி விடுங்க, நடக்கட்டும்” என்றார். “நடக்காதுங்க” என்றேன். அதற்குப் பிறகு அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், தெரியாமல் கேட்டது.

மாசியில் வெளிநாட்டுக்கு அனுப்பிய இரத்தத்துக்கு, ஜெனியுடையதுக்கும் என்னுடையதுக்கும், பதில் வந்துவிட்டது. டாக்டர் மிஸ் சிங்களத்தில் விளக்கினார். எனக்கு விளங்கிய மட்டும், மறக்குமுன்:

1. மூன்று வருஷத்துக்கு முன் ஜெனிக்கு வந்தது ஊரெல்லாம் வந்த சளிக்காய்ச்சல்தான். இன்ஃபுளுவென்சா. கிருமியில் விசேஷம் ஒன்றும் இல்லை.
2. விசேஷம் ஜெனியின் உடம்பில். ஒரு ஜீனில் சின்ன மாற்றம். அதனால்தான் காய்ச்சலின் மூன்றாம் நாள் மூளை வீங்கியது.
3. அந்த மாற்றம் என்னிடமிருந்து போயிருக்கிறது. எனக்கு ஒன்றும் வரவில்லை. இருக்கிற எல்லாருக்கும் வராதாம். யாருக்கு வரும் என்று முன்னாலேயே சொல்லவும் முடியாதாம்.
4. ஜெனிக்கு மறுபடியும் வரலாம். வருஷா வருஷம் காய்ச்சல் ஊசி. காய்ச்சல் கண்டால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. பேச்சு குழறினால், எழுப்பியும் எழும்பாவிட்டால், ஆளைத் தெரியாவிட்டால், அந்த மணியே ஸ்டீரொய்ட் ஏற்ற வேண்டும்.
5. என் கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. இருந்தால் அவர்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே.

ஐந்தாவதைச் சொல்லிவிட்டுக் கேட்டார், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்.

“ஒருத்தர். தம்பி. கொழும்பில் கடையில் வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை.”

எழுதிக்கொண்டார். “அப்படியென்றால் வேறு பிள்ளைகள் யாரும் இல்லை. நல்லது” என்றார்.

பஸ் ஹாலிஎல தாண்டும்போதுதான் நினைவு வந்தது. எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள்.

மறைக்க நினைத்துச் சொன்னதல்ல. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து கேட்டால் என் வாய் தானாக அப்படித்தான் சொல்லும். பள்ளியில் சேர்ப்பதற்கு முந்தின நாள் அம்மா என்னை அடுப்படியில் நிறுத்திக் கேட்டது:

“ரோசலின் ஒனக்கு யாரு?”

“அக்கா.”

வாயில் ஓர் அடி. “யாரு?”

“பெரியப்பா மக.”

அக்கா பிறந்தபோது அப்பாவுக்குப் பிரஜாவுரிமை இல்லை. இந்தியாவுக்கே போவதாக எழுதிக் கொடுத்தவர். ஆட்களை ஏற்றிப்போன கப்பல் நின்றுபோனது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. பெரியப்பாவுக்கு இங்கே இருந்தது. அக்காவைப் பெரியப்பாவின் பிள்ளையாகப் பதிந்துவிட்டார்கள். நானும் தம்பியும் பிறப்பதற்குள் அப்பாவுக்கும் கிடைத்தது. நாங்கள் அப்பா பேரில். தேயிலைத் தோட்டத்தில் இப்படி எத்தனையோ வீடு.

அக்காவுக்கு ஒரே பிள்ளை, மெர்லின். நாலு வயது. கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து வந்தவள்.

செபமாலை: செவ்வாய், துக்க மறையுண்மைகள். நாலாவதில் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 4, புதன்

காற்று குறையவில்லை. தண்ணீர்க் குழாயில் சேறு. வடித்து, கொதிக்க வைத்து, இரண்டு பானை.

ஜெனிக்குக் கைப்பயிற்சி 20 நிமிடம். வலது கை விரல் இரண்டு நிமிர்ந்தது. காய்ச்சல் கொப்பியில் எழுதினேன்: சூடு இல்லை.

டாக்டர் சொன்னதை இவரிடம் நேற்றே சொன்னேன். இன்று காலை கடைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே, “அப்ப எங்க பக்கம் இல்ல” என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை. இரண்டு அடி போய்த் திரும்பி வந்து ஜெனியைத் தூக்கிக் குளிக்க வார்த்துவிட்டுப் போனார். கடைக்குப் பிந்தியிருக்கும்.

பகல் அக்காவுக்குப் போன். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த நேரம். எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“சரி, இப்ப என்னாங்கற?”

“டாக்டர்கிட்ட ஒன் பேரைச் சொல்லணும். ஒனக்கும் மெர்லினுக்கும் ரத்தம் பாக்கணும்.”

“என் பேரைச் சொல்லு. பெரியப்பா மகன்னு சொல்லு.”

“அப்படிச் சொன்னா பாக்க மாட்டாங்கக்கா. இது அம்மா வழியா, அப்பா வழியான்னே இன்னும் தெரியல. ஒரு வயித்துல பொறந்தவதான்னு சொல்லணும்.”

“போன்ல பேசுற பேச்சாடி இது?” வைத்துவிட்டாள்.

சித்திரையில் சின்னம்மா வீட்டுச் சடங்குக்கு வந்தபோது அக்கா என் தலையில் பேன் பார்த்தாள். அதை ஏன் இப்போது எழுதுகிறேன், தெரியவில்லை.

வாங்க வேண்டியது: மெழுகுதிரி, சவர்க்காரம், வெப்பமானிக்கு பட்டரி.

ஜூன் 6, முதல் வெள்ளி

காலைத் திருப்பலி. நன்மை எடுத்தேன். பிறகு ஜெனியைப் பக்கத்து வீட்டு சுமனா அக்காவிடம் விட்டு, அக்கா வீட்டுக்கு மடுல்சீமை பஸ்.

பின் சீட்டில் இரண்டு பெண்கள்.

“எங்க கங்காணிக்குக் காய்ச்சலாம்டி.”

“அப்ப மலையில சத்தமே இருக்காதே.”

“ஒரு வாரம் கெடக்கட்டும், ஆண்டவரே. சாவ வேணாம். கெடந்தா போதும்.”

சிரிப்பு. நடுவில் இருமல். எனக்கு முன் சீட்டில் ஒரு குழந்தை, மூக்கு ஒழுகல். எண்ணினேன்: பஸ்ஸில் இருமியவர்கள் ஒன்பது பேர்.

அக்காவின் வீடு புதுசு. மண் சரியும் என்று பழைய லயத்து வரிசை அறைகளைக் காலி பண்ணச் சொல்லி, ஏழு பேர்ச் காணியில் கட்டிக் கொடுத்தது. பெரியப்பா பேரில் வந்தது. அவர் சாகுமுன் மகள் என்று அக்காவுக்கு எழுதி வைத்தார். அவருடைய சொந்த மகன் கபிரியேல் வெல்லவாயவில். அவன் வாயை யாரும் மூட முடியாது.

மெர்லின் தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலிருந்து ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். “சித்தி, ஜெனியக்கா ஏன் வரல? அவ காலு இன்னும் தூங்குதா?” தூங்குகிறது என்றேன்.

அக்கா பிளேன்டீ வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

“கபிரியேல் ரெண்டு தடவ வந்துட்டான். எங்கப்பா வீட்டுல நீ யாருடின்னு வாசல்ல நின்னு கத்துறான். அவனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கடதாசிதான் அவன் கையில இல்ல. நீ ஆசுபத்திரியில எழுதிக் குடுத்தியன்னா அது கடதாசி.”

“டாக்டர் காணி பாக்குறவங்க இல்லக்கா.”

“சர்க்கார் சம்பளம் வாங்குற எல்லாத்துக்கும் ஒரே பேனாதான்.”

“ஜெனியப் பாத்தியல்ல?”

“பாத்தேன்.” சீலைத் தலைப்பால் கோப்பையைத் துடைத்தாள். துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள். “அது ஒனக்கு வந்தது. இவளுக்கு வரும்னு எங்க எழுதியிருக்கு? நாலு வயசுல எத்தன காய்ச்சல் வந்து போயிருச்சு. இந்த வீட்ட விட்டுட்டு மறுபடி லயத்துக்கு, அந்தச் சரியுற மண்ணுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா இவள?”

அத்தான் வாசலில் இருந்தே, “அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் மூள பெருசு, அதான் எடம் பத்தாம வீங்குது” என்றார். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா சிரித்துவிட்டாள். நானும்.

கடைசியில் அக்கா: “காய்ச்சல் வந்தா அந்த நிமிசமே தூக்கிட்டு ஓடியாறேன். சத்தியம். பேப்பர்ல மட்டும் எழுதாத.”

சரி என்றேன்.

கலண்டர் தாளின் பின்பக்கம் அடையாளங்களை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். பேச்சு. தூக்கம். ஆள் தெரியாமை. வலிப்பு. என்னுடைய போன் நம்பர், பெரிய எழுத்தில்.

தோட்டத்துக் கோயிலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடக்க வேண்டும். உள்ளே போகவில்லை. அங்கே ஞானஸ்நானப் புத்தகத்தில் மட்டும் அக்கா எங்கள் அப்பாவின் மகள். சர்க்காருக்குச் சொன்னதைக் கோயிலுக்குச் சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை.

சரி என்று சொன்னது சரியா? பஸ் முழுக்க அதே யோசனை. நாளைக்கு டாக்டர் மிஸ்ஸுக்குப் போன் எடுக்கலாம். நம்பர் அட்டையில் இருக்கிறது.

ஜூன் 7, சனி

போன் எடுக்கவில்லை. கொய்யா மரத்திலிருந்து கவுன் எடுத்தாயிற்று. ஒன்று கிழிசல்.

ஜூன் 8, ஞாயிறு. தூய ஆவியார் பெருவிழா

திருப்பலிக்கு ஜெனியும். பாட்டு நேரத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே சத்தத்தை உரக்கப் போட்டாள். முன் வரிசை திரும்பியது. ஃபாதர் சிரித்தார்.

பகல் 12 மணிக்கு அக்கா போன். விடிகாலையிலிருந்து மெர்லினுக்கு மேல் சுடுகிறது. கொத்தமல்லித் தண்ணி கொடுத்தாளாம். விளையாடுகிறாளாம்.

“கூட்டிட்டு வா.”

“இன்னைக்கு டிஸ்பென்சரி பூட்டு. நாளைக்குக் காலையில வேலப் பெரட்டுல சொல்லிட்டு வாறேன். சொல்லாம நின்னா வேலப் பேரு போயிரும்.”

“டிஸ்பென்சரிக்கு இல்லக்கா. பதுளைக்கு. சத்தியம் பண்ணினியே.”

“சிரிச்சிட்டு இருக்காடி புள்ள. இந்தா, நீயே கேளு.” போனில் மெர்லின்: “சித்தி, எனக்குக் காச்சலு. பிஸ்கட்டு குடுத்தாங்க.”

பேச்சு தெளிவு. குழறல் இல்லை. அதனால் நான் அழுத்திச் சொல்லவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

காய்ச்சல் கொப்பியில் புதுப் பக்கம். மேலே மெர்லின் பேர்.

ஜூன் 9, திங்கள்

அத்தான் போனில் சொல்லச் சொல்ல எழுதியது:

மு.ப. 6.00 – 102.2. பரசிட்டமோல் பாணி ஒரு கரண்டி.
9.30 – 101. அரை ரொட்டி.
11.00 – தூக்கம்.
பி.ப. 12.30 – இன்னும் தூக்கம். எழுப்பச் சொன்னேன். கண்ணைத் திறந்து மூடினாளாம்.
12.50 – அக்காவைப் பார்த்து “இது யாரு?” என்று கேட்டாள்.
1.05 – வலிப்பு. நாலு நிமிடம்.
1.20 – த்ரீவீலரில் ஏற்றியாயிற்று.

ஜெனி சுமனா அக்காவிடம். நான் பதுளை ஆஸ்பத்திரி வாசலில் 2.30லிருந்து. வெயிலும் காற்றும், மண் கண்ணில். வந்து சேர்ந்தது 3.50.

அக்கா வேலைச் சட்டையோடு. இடுப்பில் படங்குத் துணி கட்டியபடியே. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு மலையிலும் நின்றிருக்கிறாள். பிள்ளை அத்தான் தோளில், ஒரு கை தொங்க.

அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒருவர். தமிழ் தெரியாது, அக்காவுக்குச் சிங்களம் வராது. நடுவில் நான். காய்ச்சல் எத்தனை நாள், வலிப்பு எத்தனை நிமிடம், எல்லாம் கொப்பியைப் பார்த்துச் சொன்னேன். பிறகு கேட்டார்: “குடும்பத்தில் வேறு பிள்ளைக்கு இப்படி வந்ததுண்டா?”

அக்காவுக்குச் சிங்களம் வராதுதான். கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டவில்லை, இல்லை என்றும் காட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவு.

பேனாவோடு ஒருவர். என் வாயில் பெரியப்பா மகள் வந்து நின்றது. நிஜமாகவே நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“என் மகளுக்கு வந்தது. இவள் என் கூடப்பிறந்த அக்கா. ஒரே அம்மா, ஒரே அப்பா.”

அவர் அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்தார். “அப்பா பேர் வேறாக இருக்கிறதே?”

“அட்டை பொய். நான் சொல்வது உண்மை. ஜெனியின் கிளினிக் கொப்பி இது. இந்த டாக்டர் மிஸ்ஸைக் கூப்பிடுங்கள்.”

கூப்பிட்டார். நின்றபடியே பேசினார். “ஹரி, ஹரி”, சரி சரி என்று நாலு தடவை. போனை வைக்குமுன்பே நர்ஸ் மிஸ்ஸியிடம் கையால் காட்டினார்.

5.10 – முதல் போத்தல் ஸ்டீரொய்ட்.

ஜெனிக்கு இதே மருந்து காய்ச்சலின் ஆறாம் நாள் ஏற்றினார்கள். யாருக்கும் தெரியாத காலம். மெர்லினுக்கு இரண்டாம் நாள்.

ஜூன் 10, செவ்வாய். பொசொன் போயா

லீவு நாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே தன்சல் பந்தல், போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தானமாகக் கடலை கொடுக்கிறார்கள். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் கொடி பிடித்து வாகனங்களை நிறுத்துகிறார்கள். அத்தான் வரிசையில் நின்று மூன்று பொட்டலம் வாங்கி வந்தார். அக்கா தொடவில்லை.

அக்கா என்னோடு பேசவில்லை. நேற்று நாலு மணியிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஒரே வாங்கில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் அவளுடைய பை.

மெர்லின் ஐ.சி.யு.வில். கண் திறக்கவில்லை. 10 மணிக்கு ஒரு வலிப்பு, சின்னது.

லீவிலும் டாக்டர் மிஸ் வந்தார். என்னை மட்டும் நடைபாதைக்குக் கூப்பிட்டார். போன செவ்வாய் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னேன். அப்பா, கப்பல், பெரியப்பா, வீடு, கபிரியேல், எல்லாம். முழுவதும் கேட்டார்.

“நான் கிராம சேவகர் இல்லையே” என்றார். “எனக்கு வேண்டியது இரத்தம் யாருடையது என்பதுதான். நான் எழுதும் கொப்பி கிளினிக்கை விட்டுப் போகாது.”

பிறகு: “செவ்வாய் தெரிந்திருந்தால் காய்ச்சல் என்று கேட்ட உடனே, ஞாயிறே, வார்டில் வைத்திருப்பேன்.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

கணக்கு: ஞாயிறு பகல் 12.00 முதல் திங்கள் பி.ப. 5.10 வரை. 29 மணி 10 நிமிடம். இதில் அக்காவின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு? பிரித்துப் பார்த்தேன். வரவில்லை.

சனிக்கிழமை போன் எடுக்காததை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். அது எந்தக் கட்டளையில் சேரும் என்று தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

சூடு 99.4. வலிப்பு இல்லை. கண் திறக்கவில்லை.

ஜெனிக்கு இவர் சோறு ஊட்டியிருக்கிறார். சட்டை முழுக்கப் பருப்பு. யாருடைய சட்டை என்று கேட்கவில்லை, இரண்டையும் ஊற வைத்தேன்.

கபிரியேல் அத்தானுக்குப் போன் எடுத்தானாம், பிள்ளை எப்படி என்று. வேறொன்றும் கேட்கவில்லையாம். அத்தான் நம்பவில்லை. அக்கா, “வைங்க போன” என்றாள். என்னிடம் அல்ல.

ஜூன் 12, வியாழன்

7.20க்கு மெர்லின் கண் திறந்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு அக்காவை. “அம்மா, தண்ணி.” இரண்டு வார்த்தையும் தெளிவு.

இடது கை பிடிக்கவில்லை. டாக்டர் மிஸ் தன் விரலைக் கொடுத்துப் பார்த்தார், மூன்று தடவை. மூளை ஸ்கேன் படத்தில் வீக்கம் இருக்கிறது, ஜெனிக்கு இருந்த அளவு இல்லை. எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல மாட்டாராம். வாரக்கணக்கில் பார்க்க வேண்டும்.

அக்கா நடைபாதையில் வந்து நின்று சுவரில் தலையை இரண்டு தடவை மெதுவாக இடித்துக்கொண்டாள். அழவில்லை. முகம் கழுவி வந்தாள்.

பத்து மணிக்கு மிஸ்ஸி படிவத்தோடு வந்தார். அக்காவின் இரத்தமும் அனுப்ப வேண்டும். மூன்று மொழியிலும் அச்சடித்தது. நான் நிரப்பக் கையை நீட்டினேன். அக்கா வாங்கிக்கொண்டாள்.

பேர் எழுதினாள். வயது எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. தந்தையின் பெயர்.

நான் சுவரில் எப்போதோ படம் ஒன்று மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தேன். படம் இல்லை, ஆணிதான். மிஸ்ஸி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

“ஏய்,” என்றாள் அக்கா. மூன்று நாளில் என்னிடம் முதல் வார்த்தை. “அப்பா கையெழுத்துப் போட்டா முழுசா எப்படிப் போடுவாரு?”

“ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். எழுதினதில்லையே நான். பள்ளிக்கூடத்துல இல்ல, கல்யாணத்துல கூட சர்க்கார் புத்தகத்துல பெரியப்பா பேருதான். நாப்பது வயசாச்சு.”

சொன்னேன். சூசைமரியான் அந்தோனிமுத்து.

ஓரோர் எழுத்தாக எழுதினாள். நடுவில் ஒரு தடவை அடித்துத் திருத்தினாள். கட்டம் போதவில்லை. கடைசி மூன்று எழுத்து கோட்டுக்கு வெளியே.

மிஸ்ஸி வந்து வாங்கினார். படித்துப் பார்க்கவில்லை. அக்கா சட்டைக் கையைச் சுருட்டினாள். இரத்தம் 5 மில்லி.